அக்கா எடுத்த இடுப்பளவு

சாவி வெட்டுகிறவர் மோட்டாரைப் போட்டதும் அந்த அலறல் கிளம்பியது. சூப்பர்மார்க்கெட் வாசலில் ஓர் அலமாரி அளவுக்குத்தான் கடை. பித்தளை நடுங்கிற்று, உடைந்தது, பல்லைக் கூசவைத்தது. நடுவில் ஒரே ஒரு கணம் என்ன நினைத்ததோ, இழைந்து பாடியது. பிறகு மறுபடியும் அலறல். அந்த ஒரு கணத்துக்காக என் மூக்கு மண்ணெண்ணெய் வாசத்தைத் தேடியது. வரவில்லை. குளிர்சாதனக் காற்றும் வறுத்த கச்சான் கடலை வாசமும்தான் வந்தன.

கட்டாயம் திறக்கும் என்று மலாயில் சொல்லி அவர் சாவியை நீட்டினார். நான் பழைய சாவியையும் புதியதையும் முதுகோடு முதுகு சேர்த்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, இடையில் கோடு தெரிகிறதா என்று பார்த்தேன். அவர் முகம் சுருங்கியது. அப்போதுதான் தெரிந்தது, இது என் பழக்கமே இல்லை. பின்வீட்டு அக்காவின் பழக்கம். எத்தனையோ முறை என்னை எரிச்சலூட்டிய பழக்கம், எப்போது என் கைக்குள் வந்து குடியேறியதோ.

"நீங்க சொல்றது சரியா இருக்கும். நான் ஒரு தடவ பாத்துக்கிறேன்."

இந்த இரண்டு வாக்கியங்களால் ஆனவர் அக்கா. முதல் வாக்கியம் மரியாதை. இரண்டாவதுதான் அவர்.

தெப்ராவில் எங்கள் தாமான் குடியிருப்பின் வீடுகள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பவை. நடுவே ஒரு சந்து, சந்தின் நடுவே ஒரு சாக்கடை. என் சமையலறைச் சன்னலைத் திறந்தால் அவருடைய பின்கட்டு. அங்கே எரிவாயு அடுப்பு, அடுப்புக்குப் பக்கத்தில் கறிவேப்பிலைத் தொட்டி, தொட்டிக்குப் பக்கத்தில், மற்ற வீடுகளில் துணி துவைக்கும் இயந்திரம் இருக்கிற இடத்தில், ஒரு குட்டி லேத்து, இரும்பு கடைகிற இயந்திரம். நீளம் ஒரு ஆட்டுக்குட்டி அளவு. சாம்பல் நிறம். சிங்கப்பூரில் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் இருபத்திரண்டு வருடம் சரக்கு பரிசோதித்தவர் அக்கா. மற்றவர் செய்ததை அளந்து அளந்து, சரியில்லை என்று ஒதுக்கி ஒதுக்கி, கடைசியில் ஓய்வு பெற்றதும், இனி நானே செய்து நானே ஒதுக்குகிறேன் என்பதுபோல அதை வாங்கியிருந்தார்.

பசாரில் ஒரு கிலோ இறால் வாங்கினால் வீட்டில் நிறுத்துப் பார்ப்பார். அதை யாரும் செய்யலாம். ஒருமுறை நாற்பது கிராம் கூடுதலாக இருந்தது என்று திரும்ப நடந்துபோய்க் கடைக்காரரிடம் சொன்னார் பாருங்கள், அதை யாரும் செய்யமாட்டார்கள். மீன்காரருக்குக் கோபம்.

"கூட இருந்தா கொண்டு போய் சாப்பிடுங்க லா."

"நான் இறாலுக்கு வரல. உங்க தராசு சரியில்லன்னு சொல்ல வந்தேன்."

கிளினிக்கில் தாதி ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு எண்ணைச் சொன்னால், கைப்பையிலிருந்து தன் கருவியை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். கோயிலில் ஐயர் நல்ல நேரம் சொன்னால் கைபேசியில் சூரிய உதயம் பார்ப்பார். சண்டை போடமாட்டார், குரல் உயராது. அந்த இரண்டு வாக்கியம் மட்டும். கணவர் எப்போதோ தன் ஊரான பாலோவுக்கே திரும்பிப் போய்விட்டிருந்தார். ஏன் என்று தாமானில் யாரும் கேட்டதில்லை. எல்லோருக்கும் ஆளுக்கொரு ஊகம் இருந்தது, எல்லா ஊகத்திலும் ஓர் அளவு நாடா இருந்தது.

என் மனைவி சாந்திக்கு மார்பில் கட்டி வந்த வருடம் அது. எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று மருத்துவர் சிரித்துக்கொண்டே, பயப்பட ஒன்றுமில்லை என்றார். வீட்டுக்கு வந்ததும் சாந்தி தாளை எடுத்துக்கொண்டு சந்தைத் தாண்டி ஓடினாள். நானும் பின்னால் போனேன். அக்கா மகிழவில்லை. கண்ணாடியைப் போட்டார். சாந்தியின் அடையாள அட்டையை வாங்கினார். தாளிலிருந்த எண்ணையும் அட்டையிலிருந்த எண்ணையும் விரல் வைத்து, ஒவ்வொரு இலக்கமாக, உதடு அசைய ஒப்பிட்டார். எந்தப் பக்கத்து மார்பு என்று தாளில் தேடினார். எனக்கு அந்த நேரம் அவரைப் பிடித்துத் தள்ளவேண்டும்போல இருந்தது. எங்கள் சந்தோஷத்தைக் கிடுக்கியில் மாட்டித் திருகுகிறாரே என்று. ஒரு நிமிடம் இருக்கும். அந்த ஒரு நிமிடம் சாந்தி மூச்சு விட்டதாக எனக்கு நினைவில்லை.

"நம்பர் சரியா இருக்கு. எடது பக்கம்னு போட்டிருக்கு, அதுவும் சரி. இப்ப சந்தோஷப்படலாம்," என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். அதற்கப்புறம்தான் அவர் அழுதார். எங்கள் இருவரையும்விட அதிகமாக.

அந்த வேண்டுதல்தான் காவடி. முடிவு நல்லபடி வந்தால் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறேன் என்று நான் சொல்லியிருந்தேன். கணேசன் என்று ஒரு நண்பன், முன்பு எடுத்தவன், தன் காவடிச் சட்டத்தை இரவல் தந்தான். இந்தக் காவடி தோளில் ஏறுவதில்லை, இடுப்பில் நிற்பது. இடுப்பைச் சுற்றி அகலமான அலுமினியப் பட்டை, இரண்டு பாதியாக. பாதிகளைச் சேர்த்துப் பிடிக்க பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு அலுமினியக் கட்டைகள். காவடியின் கால்கள் இறங்கி நிற்பது அந்தக் கட்டைகளில்தான். மொத்த பாரமும் அங்கே. கணேசன் கொடிபோல இருப்பவன். அவன் பட்டை என்னைச் சுற்றி வரவில்லை. நீளமான புதுக் கட்டைகள் வேண்டும்.

காவடி செய்கிறவர் அந்தப் பருவத்தில் தொலைபேசியை எடுப்பதே இல்லை. தெப்ராவ் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறைக்குப் போனேன். பட்டறை முதலாளி, சீனத் தவுக்கே, இரண்டே இரண்டு துண்டா என்று சிரித்தார். சீனப் பெருநாள் முடிஞ்சு வா என்றார். பூசமோ பெருநாளுக்கு முன்னால். அதனால் சாந்தியையும் கூட்டிக்கொண்டு சந்தைத் தாண்டி அக்காவிடம் போனேன்.

ஒரு தாளில் படம் வரைந்து, இரண்டு துளைகளைப் போட்டு, இடுப்பு முப்பத்தெட்டு அங்குலம் என்று எழுதிக் கொடுத்தேன்.

"முப்பத்தெட்டு எப்படி தெரியும் தம்பி?"

"என் இடுப்பு எனக்குத் தெரியாதா அக்கா?"

"நீங்க சொல்றது சரியா இருக்கும். நான் ஒரு தடவ பாத்துக்கிறேன்." பாஜு சட்டையின் பையிலிருந்து மஞ்சள் நாடா வந்தது. "சாந்தி, இந்த முனைய பிடி."

நாற்பத்தொன்று.

"காற்சட்டைல முப்பத்தெட்டுன்னு போட்டிருக்கே," என்றேன்.

"காற்சட்டை பொய் சொல்லும்," என்றார் அக்கா. "தொப்பைக்குக் கீழ கட்டுனா அதுக்கு எப்படி உண்மை தெரியும்?" சாந்தி சிரித்த சிரிப்பு சந்து முழுக்கக் கேட்டிருக்கும்.

காவடியின் எடையையும் அவர் நம்பவில்லை. கணேசன் இருபத்தைந்து கிலோ என்றான். அக்கா சட்டத்தைக் கழற்றச் சொல்லி, ஒவ்வொரு துண்டாகக் குளியலறைத் தராசில் வைத்துக் கூட்டினார். முப்பத்தொன்று. கணேசன் தலையைச் சொறிந்தான். இந்த முப்பத்தொன்றைச் சுமந்துதான் அவன் போன வருடம் ஆடிக்கொண்டே போயிருக்கிறான்.

சரி, இனி வெட்டவேண்டியதுதானே என்று நினைத்தேன். கிடங்கிலிருந்து லாரிகளை நேரத்துக்குக் கிளப்பிவிடுவது என் தொழில். ஒரு லாரி பத்து நிமிடம் நின்றால் எனக்கு உள்ளங்கை வியர்க்கும். நான் போய்ச் சேர்ந்த இடமோ, நேரம் என்ற ஒன்று இருப்பதாகவே ஒப்புக்கொள்ளாத ஒரு பின்கட்டு.

லேத்தில் பொருள் சுற்றும், கத்தி நிற்கும். உருண்டையாக எதை வேண்டுமானாலும் கடையலாம். தட்டைக் கட்டையில் நீளமாகத் துளை போடுவது அதன் வேலை அல்ல. அதற்கு வேறு இயந்திரம் உண்டு, அதை வைக்க அக்காவிடம் இடம் இல்லை. அவர் காரியத்தைத் திருப்பிப் போட்டார். சுற்றுகிற வாயில் கத்தியை மாட்டினார். பொருளைக் கத்திக்கு எதிரே நிறுத்தினார். அங்கே நிற்கிற பொருளுக்கு முன்னும் பின்னும் போகத் தெரியும், குறுக்கே போகத் தெரியும், மேலே கீழே போகத் தெரியாது. அதைத் தெரியவைக்க ஒரு சின்ன இரும்பு ஏணிபோல ஒன்றை வாங்கி மாட்டியிருந்தார். வெர்ட்டிகல் ஸ்லைடு. உச்சியில் ஒரு கைப்பிடி. திருகினால் பொருள் தலைமயிர் தலைமயிராக ஏறும், இறங்கும். பிஸ்கட் டின்னில் எண்ணெய்த் துணி சுற்றி வைத்திருப்பார் அதை, பிறந்த குழந்தையைப்போல.

குழந்தை சொன்னபடி கேட்கவில்லை. அதுதான் எங்கள் துயரம். லேத்து சிறியது, ஸ்லைடு நெட்டையானது, கத்தி பட்டதும் எல்லாம் சேர்ந்து நடுங்கும். அலுமினியம் அலறும். வெட்டிய முகத்தில் மீன் செதில்போல வரிவரியாக விழும். அக்கா நிறுத்திவிடுவார். செதில்களை நகத்தால் தடவிப் பார்ப்பார்.

"நடுங்குன எடத்துலதான் ஒடையும்," என்பார். "முப்பத்தொரு கிலோ தம்பி. நடு ரோட்டுல."

ஆக முதலில் ஸ்லைடு நேராக நிற்க வேண்டும். சுற்றும் வாயில் கத்திக்குப் பதிலாக டயல் ஒன்றை மாட்டுவார், முள்ளுள்ள ஒரு சின்னக் கடிகாரம், நேரம் காட்டாத கடிகாரம். கட்டையின் முகத்தை அதன் மூக்கில் உரசியபடி நகர்த்துவார். முள் இரண்டு கோடு நகரும். நட்டைத் தளர்த்துவார். ஸ்குரூடிரைவர் பிடியால் ஒரு தட்டு, காதல் செய்கிறவர்போல. முள் நிற்கும். நட்டை இறுக்குவார். இறுக்கியதில் முள் ஒன்றரைக் கோடு போய்விடும். மறுபடி தளர்த்தல். மறுபடி தட்டு. மறுபடி இறுக்கல். நான் நின்றுகொண்டிருப்பேன். கறிவேப்பிலையை ஒவ்வொன்றாகக் கிள்ளுவேன். அவர் திரும்பாமலே, "கறிவேப்பிலை என்ன பண்ணுச்சு?" என்பார்.

கத்தி பொருளைத் தொடுகிற இடத்தைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு வழி இருந்தது. கோயிலில் தருகிற தினசரி நாள்காட்டியின் தாள், கிழித்த தாள், மெல்லியது. அதில் ஒரு துண்டை மண்ணெண்ணெயில் நனைத்துக் கட்டைமேல் ஒட்டுவார். கத்தியைச் சுற்றவிட்டுக் கட்டையை அதை நோக்கி மெல்ல மெல்லக் கொண்டுபோவார். பின்கட்டே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். திடீரென்று தாள் காணாமல் போகும். சட்டென்று ஒரு சின்ன வாய் கவ்விக்கொண்டதுபோல. அவ்வளவுதான், கத்திக்கும் கட்டைக்கும் நடுவே இருந்தது அந்தத் தாளின் தடிமன் மட்டும். அந்தத் தடிமனையும் அவர் அளந்து வைத்திருந்தார் என்று சொல்லவேண்டியதில்லை. வருடா வருடம் புது நாள்காட்டி வந்ததும் முதல் தாளை அளப்பார். "இந்த வருசம் தாள் கொஞ்சம் மட்டம்," என்பார் கவலையாக. மற்றவர்கள் ராசிபலன் பார்க்கிற தாள்.

இரண்டாவது வாரம் போனேன். கட்டை வெட்டப்படவில்லை. நாடாவை எடுத்தார்.

"போன வாரம் எடுத்தீங்களே அக்கா."

"போன வாரம் சாப்பிட்டுகிட்டு இருந்தீங்க."

நாற்பத்தெட்டு நாள் விரதம். ஒரு வேளைச் சாப்பாடு, மரக்கறி, தரையில் படுக்கை. நாற்பது முப்பதாகாது, ஆனால் நாற்பத்தொன்று நாற்பதரை ஆகியிருந்தது. குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாளை ஒட்டி எழுதினார். அடுத்த வாரம் நாற்பது. அதற்கடுத்த வாரம் முப்பத்தொன்பதரை. அந்தத் தாமானில் என் தொப்பையைப்போலக் கண்காணிக்கப்பட்ட பொருள் வேறு எதுவும் இல்லை.

இரண்டு வட்டத் துளை போதாது என்றார். நீளத் துளை வேண்டும், இடுப்பு வற்ற வற்ற நட்டை நகர்த்திக்கொள்ள. சரி, நீளமாகப் போடுங்கள். எவ்வளவு நீளம்? பெரிதாகப் போடுங்கள். பெரிதாகப் போட்டால் கட்டையின் பலம் போய்விடும். அப்படியானால் எவ்வளவு? "ஒடம்பு எங்க போய் நிக்குதுன்னு தெரியணும் தம்பி. கொஞ்சம் சபார் பண்ணுங்க, பொறுங்க."

அதுவரைக்கும் கழிவுத் துண்டுகளில் பழகிக்கொண்டிருந்தார். மேடையில் பத்துப் பன்னிரண்டு கிடந்தன. முதலாவதில் துளையின் ஓரம் எலி கடித்ததுபோல இருந்தது. கடைசியில் கிடந்ததை எடுத்துப் பார்த்தேன். துளையின் உட்சுவரில் என் கண் தெரிந்தது. அவ்வளவு மழமழப்பு. லேத்தின் மேல்தட்டைக் கழற்றி எறிந்து, ஸ்லைடைக் கீழே அடிமட்டத்தில் பூட்டி, கட்டைக்கும் ஸ்லைடுக்கும் நடுவே வழுக்காமல் இருக்க நாளிதழ்த் தாள் கொடுத்து, ஒரு நகத் தடிமனுக்கு மேல் ஒரு தடவையில் வெட்டாமல், நடுக்கத்தை ஏறக்குறைய அடக்கிவிட்டிருந்தார்.

"அக்கா, இதுவே போதும். இதையே மாட்டிக்கிறேன்."

"இது பழகறதுக்கு."

"உங்க பழக்கம் முடியறதுக்குள்ள பூசம் முடிஞ்சிரும்."

"பூசம் எங்கயும் ஓடாது. வருசா வருசம் வருது."

எனக்கு வருடா வருடம் இல்லை. இந்த வருடம்தான் சாந்தி பிழைத்தது. இதை நான் அவரிடம் சொன்னேனா, மனதுக்குள் சொன்னேனா, இப்போது தெரியவில்லை. பட்டினி கிடக்கிறவனுக்கு இரண்டும் ஒரே சத்தத்தில் கேட்கும்.

பூசத்துக்கு நாலு நாள் இருந்தது. வெள்ளிக்கிழமை. ஞாயிறன்று சட்டத்தைப் பூட்டிப் பார்க்கக் கணேசன் வருவதாக இருந்தது. வேலை முடிந்து நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். கடைசியில், கடைசியில், அசல் கட்டை ஸ்லைடில் ஏறியிருந்தது. கத்தி மாட்டத் தயாராக மேடைமேல் மின்னியது. மண்ணெண்ணெய்க் கிண்ணம், தூரிகை, நேற்றைய தேதித் தாள். எனக்குக் கண் நிறைந்தது. டயலின் முள்ளைப் பார்த்தேன். அது அசையாமல் இருந்தது. பிறகு ஒரு கோடு அசைந்தது. ஒரே ஒரு கோடு. அக்கா ஸ்பேனரை எடுத்து நான்கு நட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தளர்த்தினார்.

"வெட்டுங்க அக்கா."

"ஒரு கோடு இருக்கு தம்பி."

"இருக்கட்டும். வெட்டுங்க."

"நான் ஒரு தடவ..."

"ஒங்களுக்கு மனுசனயும் நம்பத் தெரியாது, மெசினயும் நம்பத் தெரியாது," என்றேன். என் குரலை நான் சன்னலுக்கு வெளியிலிருந்து கேட்பதுபோல இருந்தது. "அதான் இந்த வீட்டுல பேச்சுத் துணைக்குக்கூட யாரும் தங்கல."

ஸ்பேனரை மேடையில் வைத்தார். ஓசை எழாமல் வைத்தார். துணியில் கையைத் துடைத்தார், ஒவ்வொரு விரலாக. என்னைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. அளந்து முடித்தபின் வருகிற ஓர் அமைதி, எண் கிடைத்துவிட்டால் வருமே, அது.

"நீங்க சொல்றது சரியா இருக்கும்," என்றார்.

நான் இரண்டாவது வாக்கியத்துக்குக் காத்திருந்தேன். மூன்று வருடமாக அது தவறாமல் வந்திருக்கிறது. இன்றைக்கும் வரும், வந்தால் அதைப் பிடித்துக்கொண்டு நான் மன்னிப்புக் கேட்டுவிடலாம். சாக்கடையில் தண்ணீர் ஓடியது. எங்கோ ஒரு வானொலி. அந்த வாக்கியம் வரவில்லை.

மறுநாள் மதியம் அவர் பின்கட்டிலிருந்து சத்தம் கிளம்பியது. நான் என் சமையலறையில், வெறும் வயிற்றோடு, சன்னலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தேன். பார்க்காமலே எல்லாம் தெரிந்தது. மோட்டார் முனகல், அதுதான் கட்டை தாளோடு கத்தியை நெருங்குகிற நேரம். ஒரு சின்னச் சீறல், தாள் போய்விட்டது. பிறகு வெட்டு. அலறல் இல்லை. குடத்தில் நீர் ஏறுவதுபோல ஒரு சுருதி, போய்த் திரும்பியது. நிறுத்தம். மறுபடி. மறுபடி. எத்தனை என்று எண்ண ஆரம்பித்து, முப்பதில் விட்டுவிட்டேன். நடுவில் நீண்ட மௌனம். அதுவும் தெரியும். அந்தக் குட்டி லேத்து குறுக்கே ஐம்பது மில்லிமீட்டர்தான் போகும், துளையோ எழுபது. பாதியில் கட்டையைக் கழற்றி, நகர்த்தி, முதலிலிருந்து நேர் பார்க்க வேண்டும். இரண்டு பாதியும் சேருகிற இடத்தில் படி விழக்கூடாது. அந்த மௌனத்தில் ஒரு ஸ்குரூடிரைவர்ப் பிடி தட்டுகிற ஓசைக்காக நான் ஏங்கினேன். தட். பிறகு தட். எழுந்து போகலாம். சந்து எட்டு அடி. நான் எழவில்லை. விரதக்காரன், பொய்யும் கோபமும் கூடாதவன், தரையில் உட்கார்ந்து என் பிடிவாதத்தையே தின்றுகொண்டிருந்தேன்.

மாலை சாந்தி இரண்டு கட்டைகளோடு வந்தாள். நாளிதழில் சுற்றியிருந்தது.

"அக்கா குடுத்தாங்க. அவர்கிட்ட ஏதும் சொல்லணுமான்னு கேட்டேன். ஒன்னும் இல்லனாங்க." என் முகத்தைப் பார்த்தாள். "என்னங்க பேசுனீங்க அங்க?"

நான் நாளிதழைப் பிரித்தேன். கட்டையை எடுத்தேன். துளையின் சுவரில் விரலை ஓட்டினேன். சேருகிற இடத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. துளையின் ஓரமாக வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள் குத்தியிருந்தன. ஏழு புள்ளி. ஒவ்வொரு வாரத்துக்கும் ஒன்று. குளிர்பெட்டிக் கதவிலிருந்த என் தொப்பையின் வரலாறு முழுக்க அலுமினியத்தில் இறங்கியிருந்தது. ஏழாவதற்கு அப்புறம், கொஞ்சம் தள்ளி, எட்டாவதாக ஒன்று. அந்த வாரம் இன்னும் வரவே இல்லை.

பூசத்தன்று நட்டு ஏழாவது புள்ளியில் நின்றது. நாற்பத்தொன்றில் தொடங்கியவன் அன்றைக்கு உண்மையாகவே முப்பத்தெட்டு. பாதி வழியில், வெயிலில், வியர்வையில், பட்டை வழுக்க ஆரம்பித்தது. முப்பத்தொரு கிலோ என் இடுப்பெலும்பின்மேல் இடப்பக்கமாகச் சாய்ந்தது. கூட வந்த மேளக்காரர்கள் அடித்துக்கொண்டே இருந்தார்கள். சாந்தியின் முகம் வெளுத்தது. கணேசன் மண்டியிட்டு இரண்டு பக்கமும் நட்டைத் தளர்த்தி, பட்டையை இழுத்து, இறுக்கினான்.

"டேய், இங்க ஏற்கனவே ஒரு புள்ளி குத்தியிருக்குடா," என்றான் கீழேயிருந்து.

எட்டாவது. என் இரண்டு வட்டத் துளைகளோடு வந்திருந்தால் அந்த இடத்தில் காவடி தரையில் இருந்திருக்கும். நான் மேலே நடந்தேன். கண்ணீர் வந்தது. பார்த்தவர்கள் பக்தி என்று நினைத்திருப்பார்கள். அதில் பாதி ஆத்திரம். அவர் சரி என்பதல்ல ஆத்திரம். அவர் சரி என்று அவரிடம் சொல்ல முடியாமல், கூட்டத்தில் அவர் முகத்தைத் தேடித் தேடி, காணாமல் நடந்ததுதான்.

மறுநாள் பிரசாதத்தோடு போனேன். மன்னிப்பை மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். சொன்னேன். "பரவால்ல தம்பி, பசில பேசுனது," என்று பிரசாதத்தை வாங்கிக்கொண்டார். டீ போட்டார். பட்டை வழுக்கியதைச் சொன்னேன். எட்டாவது புள்ளியில் நின்றது என்றேன். அக்கா வந்து கட்டையைப் பாருங்கள், விரிசல் இருக்கிறதா, நீங்கள் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி என்றேன்.

"விரிசல் இருக்கா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல."

"நீங்க சொல்றது சரியா இருக்கும்."

அவ்வளவுதான். அதற்கப்புறம் எனக்கு எப்போதும் அவ்வளவுதான். மீன்காரருக்கு இரண்டு வாக்கியமும் கிடைத்தது. தாதிக்குக் கிடைத்தது. சாந்தி ஒரு சீலைக்கு முந்தானை எவ்வளவு என்றால் அவளுக்குக்கூடக் கிடைத்தது. என்னிடம் மட்டும் முதல் வாக்கியத்தோடு கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. சிரிப்பு குறையவில்லை, டீயில் சீனி குறையவில்லை. நான் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிப் பார்த்தேன். இன்று வியாழன்தானே அக்கா என்றேன், புதன்கிழமையில். நீங்க சொல்றது சரியா இருக்கும் என்றார். நாள்காட்டி அவர் தலைக்குப் பின்னால் புதன் என்று தொங்கியது.

இரண்டு வருடம் கழித்து, பெக்கான் நானாஸில் தங்கைக்கு உடம்பு முடியவில்லை, துணைக்கு யாருமில்லை என்று வீட்டைக் காலி செய்தார். காலையில் ஒரு சின்ன லாரி வந்தது. லேத்தைப் பலகையோடு ஏற்றிக் கட்டினார்கள். கயிறு கெட்டியாகத்தான் இருக்கிறது என்றார் ஓட்டுநர். "நீங்க சொல்றது சரியா இருக்கும். நான் ஒரு தடவ பாத்துக்கிறேன்," என்று அக்கா ஏறி ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்தார். எனக்குப் பொறாமையாக இருந்தது, ஒரு லாரி ஓட்டுநர்மேல்.

முன் இருக்கையில் உட்கார்ந்து பிஸ்கட் டின்னை மடியில் வைத்துக்கொண்டார். சாந்தி சன்னலோரம் அழுதுகொண்டிருந்தாள். நான் பின்னால் நின்றேன்.

"இந்த வருசம் காவடி உண்டா தம்பி?"

"உண்டு அக்கா. விரதம் நாளைக்கு ஆரம்பம்."

"கட்டை பத்திரமா இருக்கா?"

"இருக்கு."

"இப்ப இடுப்பு எவ்வளவு?"

நாற்பத்திரண்டுக்குக் குறையாது. சட்டைப் பொத்தான் ஒன்று அதற்குச் சாட்சியாக இழுத்துக்கொண்டு நின்றது. நான் அவர் கண்ணைப் பார்த்தேன்.

"முப்பத்தெட்டு," என்றேன்.

சாந்தி அழுகையை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அக்காவின் கை பாஜு பைக்குள் போனது. நாடாவின் மஞ்சள் முனை வெளியே எட்டிப் பார்த்தது. நான் வயிற்றை உள்ளே இழுக்கவில்லை. இன்னும் ஒரு அடி கிட்டே போய், லாரிக் கதவில் தொப்பை படுகிற மாதிரி நின்றேன்.

கை வெறுமையாக வெளியே வந்து டின்னின் மூடியை அழுத்திக்கொண்டது.

"நீங்க சொல்றது சரியா இருக்கும் தம்பி," என்றார்.